ட்ரான்ஸாக்‌ஷன் விழுந்தால் எங்கே தேடுவது? அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

"என் கான்ட்ராக்ட் வேலை செய்யவில்லை, கொஞ்சம் பார்க்க முடியுமா?" என்று யாராவது நிரலை அனுப்பினால், அதைத் திறப்பதற்கு முன் நான் ஒன்று கேட்பேன்: ட்ரான்ஸாக்‌ஷன் ஹாஷ், அதாவது அதை அடையாளம் காட்டும் எண், இருக்கிறதா? பல நேரம் அந்தக் கேள்வியிலேயே விஷயம் முடிந்துவிடும். பிழை கான்ட்ராக்டுக்குள், அதாவது பிளாக்செயினில் ஓடும் நிரலுக்குள்தான் என்று நாமே முடிவு கட்டிக்கொண்டு, சாலிடிட்டி மொழி வரிகளை மாற்றி மாற்றி டிப்ளாய் (செயினில் ஏற்றுவது) செய்துகொண்டிருப்போம். அந்த ட்ரான்ஸாக்‌ஷனோ கான்ட்ராக்டின் வாசலுக்கே வந்திருக்காது.

கீழே சொல்வதெல்லாம் எத்தீரியம் என்ற பிளாக்செயினுக்கும், அதே ஈ.வி.எம்மில் (எத்தீரியத்தின் நிரல் ஓட்டும் இயந்திரம்) ஓடும் மற்ற செயின்களுக்கும் பொருந்தும். உங்கள் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடுங்கள். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில் வரும், கான்ட்ராக்டையே மாற்றவேண்டிய காரணம் கடைசியில் வரும்.

- ஹாஷே கிடைக்கவில்லை: அறிகுறி 1
- ஹாஷ் இருக்கிறது, பிளாக்கில் ஏறவில்லை: அறிகுறி 2
- பிளாக்கில் ஏறியது, ஸ்டேட்டஸ் 0 (தோல்வி): அறிகுறி 3
- ஸ்டேட்டஸ் 1 (வெற்றி), ஆனால் நடக்கவேண்டியது நடக்கவில்லை: அறிகுறி 4
- டிப்ளாயே ஆகவில்லை: அறிகுறி 5
- லோக்கலில் ஓடுகிறது, வெளியே விழுகிறது: அறிகுறி 6

## அறிகுறி 1: அனுப்பும்போதே பிழை, ஹாஷ் இல்லை

இந்த நிலையில் பணம் எதுவும் போகவில்லை. வாலட்டோ, செயினை இயக்கும் கணினியான நோடோ வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டது. பிழைச் செய்தியை வைத்தே காரணத்தைப் பிரிக்கலாம்.

### செய்தி: "இன்சஃபிஷியன்ட் ஃபண்ட்ஸ்"

சரியான செயினில் பேலன்ஸ் இருக்கிறதா என்று பாருங்கள். மெயின்நெட்டில் (உண்மைப் பணம் ஓடும் செயின்) இருக்கும் ஈதர் செபோலியா என்ற சோதனைச் செயினில் இருக்காது. சொல்லத் தேவையில்லாத விஷயம்தான், ஆனால் இதில் நானே மாட்டியிருக்கிறேன்.

பேலன்ஸ் இருந்தும் இதே செய்தி வந்தால் கேஸ் லிமிட்டைப் பாருங்கள். கேஸ் என்பது செயினில் செய்யும் வேலையை அளக்கும் கட்டண அலகு, லிமிட் அதன் உச்சம். கடைசியில் நீங்கள் கட்டப்போகும் கட்டணத்தை நோடு பார்ப்பதில்லை. கேஸ் லிமிட்டை அதிகபட்சக் கட்டணத்தால் பெருக்கி, அனுப்பும் தொகையையும் கூட்டி, அவ்வளவும் கையில் இருக்கிறதா என்றுதான் பார்க்கும். ஸ்கிரிப்டில் "இருக்கட்டுமே" என்று லிமிட்டை 30 லட்சம் போட்டு, அதிகபட்சக் கட்டணம் 50 க்வெய் (ஒரு ஈதரில் நூறு கோடியில் ஒரு பங்கு ஒரு க்வெய்) என்று வைத்தால், 0.15 ஈதர் இருந்தே ஆகவேண்டும். உண்மையில் 60,000 கேஸ்தான் செலவாகும் என்றாலும் இதே கணக்குதான். கையால் போட்ட லிமிட்டை எடுத்துவிட்டு மறுபடி அனுப்பிப் பாருங்கள்.

ஆப்டிமிசம் வகை ரோலப்களில் (எத்தீரியத்தின் மேல் ஓடும் துணைச் செயின்கள்) டேட்டாவை மெயின்நெட்டில் பதிவதற்கான கட்டணம் தனியாகச் சேரும். பேலன்ஸ் மொத்தத்தையும் துடைத்து அனுப்பும் ஸ்கிரிப்ட்கள் அங்கே விழுவது இதனால்தான்.

### செய்தி: செயின் ஐடி பொருந்தவில்லை

மெயின்நெட் 1, செபோலியா 11155111, ஹார்ட்ஹாட், ஆன்வில் என்ற லோக்கல் சோதனைச் செயின்கள் 31337. பழைய சோதனைக் கருவியான கனாஷ் காலத்து 1337 வாலட்டில் அப்படியே சேமித்துக் கிடக்கும். அதை அழித்துவிட்டுப் புதிதாகச் சேருங்கள். ஒரு செயினுக்காகக் கையெழுத்திட்டதை இன்னொன்றில் ஓட்ட முடியாதபடி 2016-லிருந்தே செயின் ஐடி கையெழுத்தோடு சேர்ந்து போகிறது. அதனால் இதற்குக் குறுக்கு வழி கிடையாது.

### செய்தி: "நான்ஸ் டூ லோ" அல்லது "நான்ஸ் டூ ஹை"

நான்ஸ் என்பது ஒரு கணக்கு அனுப்புபவற்றின் வரிசை எண். லோக்கல் நோடை நிறுத்தி மறுபடி ஓட்டினீர்களா? செயின் பூஜ்யத்திலிருந்து தொடங்கியிருக்கும், ஆனால் வாலட் பழைய எண்ணிக்கையை நினைவில் வைத்திருக்கும். நோடை அடிக்கடி நிறுத்துகிறவர்களுக்கு இது தினசரி வரும். பொதுவாக இந்தச் சூழலில் நான்ஸ் தேவைக்கு மேலே இருக்கும், சில சமயம் கீழே. எப்படியானாலும் மெட்டாமாஸ்க் வாலட்டின் அமைப்புகளில் அந்தக் கணக்கின் செயல்பாட்டுத் தரவையும் நான்ஸையும் அழிக்கும் வசதி இருக்கிறது. அதை ஓட்டினால் சரியாகிவிடும். கணக்கோ பணமோ அழியாது.

டெஸ்ட்நெட்டில் "டூ லோ" வந்தால், ஒரே தனிச்சாவியை இரண்டு ஸ்கிரிப்ட்கள் ஒரே நேரத்தில் பயன்படுத்துகின்றனவா என்று பாருங்கள். பின்னணியில் ஓடும் பாட் என்ற தானியங்கி நிரலும் நீங்களும் ஒரே கணக்கிலிருந்து அனுப்பினால் இரண்டும் ஒரே எண்ணை எடுத்துக்கொள்ளும். தீர்வு எளிது, ஆளுக்கொரு சாவி. நீங்கள் எதுவும் அனுப்பாமலேயே நான்ஸ் ஏறியிருக்கிறது என்றால் இங்கே நிறுத்திவிட்டு நேராகக் கடைசித் தலைப்புக்குப் போங்கள்.

### செய்தி: கேஸை மதிப்பிட முடியவில்லை

இந்தத் தலைப்பில் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது இதுதான். "கேஸ் பற்றிய பிழை, ஆகவே கேஸைக் கூட்டுவோம்" என்று லிமிட்டைக் கையால் போட்டு அனுப்புவார்கள். அனுப்பினதும் ஹாஷ் வரும், மனசுக்குத் தெம்பாக இருக்கும். பன்னிரண்டு நொடியில் அது ஸ்டேட்டஸ் 0 ஆகி, கட்டணமும் போய்விடும்.

நோடு உங்கள் ட்ரான்ஸாக்‌ஷனை முன்கூட்டியே ஓட்டிப் பார்த்தது, அது விழுந்தது, அதனால் எண்ணைச் சொல்ல முடியவில்லை. அவ்வளவுதான் இந்தச் செய்திக்கு அர்த்தம். உண்மையான காரணம் அறிகுறி 3-ல் இருக்கிறது. இலவசமாகவே கண்டுபிடிக்கக்கூடிய நேரம் இது, விட்டுவிடாதீர்கள்.

அங்கே போவதற்கு முன் ஒரே ஒரு சோதனை. ஸ்கிரிப்டில் அனுப்புநர் முகவரியைக் கொடுத்திருக்கிறீர்களா? கொடுக்காவிட்டால் முன்னோட்டம் பூஜ்ய முகவரியிலிருந்து ஓடக்கூடும். உரிமையாளருக்கு மட்டும் திறக்கும் ஃபங்ஷன் அப்போது கட்டாயம் மறுக்கும்.

### செய்தி: கேஸ் லிமிட் வரம்பைத் தாண்டுகிறது

2025 டிசம்பரில் வந்த ஃபுசாகா மேம்படுத்தலுக்குப் பிறகு மெயின்நெட்டில் ஒரு ட்ரான்ஸாக்‌ஷன் 1,67,77,216 கேஸுக்கு மேல் கேட்க முடியாது. பிளாக்கில் எவ்வளவு இடம் இருந்தாலும் சரி. 2 கோடி என்று போட்டு வைத்திருந்த பழைய ஸ்கிரிப்ட்கள் இதில் விழும். எண்ணைக் குறைத்தால் போதும். வேலைக்கு உண்மையிலேயே அவ்வளவு தேவை என்றால் அதைத் துண்டு துண்டாகப் பிரிக்கவேண்டியதுதான்.

## அறிகுறி 2: பெண்டிங்கிலேயே நிற்கிறது

எக்ஸ்ப்ளோரரில் (செயினின் பதிவுகளைப் பார்க்கும் இணையதளம்) ஹாஷைத் தேடினால் எதுவுமே வரவில்லையா? வேறு செயினின் எக்ஸ்ப்ளோரரைத் திறந்திருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். அது சரி என்றால் மூன்று காரணங்கள் மிச்சம்.

### நடுவில் ஒரு நான்ஸ் விட்டுப்போயிற்று

கணக்கின் அடுத்த நான்ஸ் 14 ஆக இருக்கும்போது 15-ஐ அனுப்பினால், 14 வரும்வரை அது காத்திருக்கும். எவ்வளவு கட்டணம் கொடுத்தாலும் முந்தாது. ஃபவுண்ட்ரி என்ற கருவித் தொகுப்பின் காஸ்ட் கருவியில் நான்ஸ் கட்டளையை ஓட்டினால் செயினில் உறுதியான எண் கிடைக்கும். உங்கள் ட்ரான்ஸாக்‌ஷனின் நான்ஸோடு அதை ஒப்பிடுங்கள். இடைவெளி இருந்தால், விட்டுப்போன எண்ணில் உங்களுக்கே பூஜ்யம் ஈதர் அனுப்பி இடைவெளியை நிரப்புங்கள். 21,000 கேஸோடு முடிந்துவிடும்.

### கட்டணம் போதவில்லை

2021 ஆகஸ்டில் வந்த லண்டன் மேம்படுத்தலுக்குப் பிறகு ஒவ்வொரு பிளாக்குக்கும் ஓர் அடிப்படைக் கட்டணம் உண்டு. ஒரு பிளாக்கிலிருந்து அடுத்ததற்கு அது அதிகபட்சம் 12.5 சதவீதம் ஏறலாம். நீங்கள் வைத்த உச்சவரம்பை அது தாண்டிவிட்டால் உங்கள் ட்ரான்ஸாக்‌ஷன் வெளியே நிற்கும். அவசரமில்லை என்றால் காத்திருங்கள், இறங்கும்போது தானாக ஏறிவிடும்.

அவசரம் என்றால் அதே நான்ஸில் மறுபடி அனுப்புங்கள். "ரீப்ளேஸ்மென்ட் ட்ரான்ஸாக்‌ஷன் அண்டர்ப்ரைஸ்ட்" என்று வந்தால், கூட்டியது போதவில்லை. கெத் என்ற நோடு மென்பொருள் குறைந்தது 10 சதவீத உயர்வு கேட்கும். அதுவும் உச்சவரம்பு, டிப் (பிளாக் போடுபவருக்கான ஊக்கத்தொகை) இரண்டிலுமே. டிப்பை மட்டும் கூட்டிவிட்டு ஏன் ஏற்கவில்லை என்று முழிப்பது வழக்கமான தவறு.

### லோக்கல் நோடு பிளாக்கே போடவில்லை

தானாக மைன் செய்யும் அமைப்பை ஏதோ ஒரு சோதனைக்காக நிறுத்திவிட்டு மறந்திருப்பீர்கள். ஒரு பிளாக்கைக் கையால் போட்டுப் பாருங்கள்.

## அறிகுறி 3: பிளாக்கில் ஏறி, ஸ்டேட்டஸ் 0

கட்டணம் போயிற்று, நான்ஸும் செலவாயிற்று, மற்ற மாற்றங்கள் எல்லாம் பின்வாங்கப்பட்டன. இங்கே முதலில் இரண்டு எண்களைப் பாருங்கள்: கேஸ் லிமிட்டும், பயன்படுத்திய கேஸும். பயன்படுத்தியது லிமிட்டின் 98 சதவீதத்துக்கு மேல் என்றால் கீழே 3ஈ. அதைவிடக் குறைவு என்றால் கான்ட்ராக்டே மறுத்திருக்கிறது, அதாவது ரிவர்ட். எக்ஸ்ப்ளோரர் என்ன காரணம் காட்டுகிறது என்று பார்த்து 3அ, 3ஆ, 3இ-யில் ஒன்றுக்குப் போங்கள்.

### 3அ: காரணம் வாசகமாக வருகிறது

அதிர்ஷ்டம். அந்த வாசகத்தை உங்கள் நிரலில் தேடுங்கள். அங்கே இல்லை என்றால் நீங்கள் இறக்குமதி செய்த லைப்ரரியிலோ, உங்கள் கான்ட்ராக்ட் அழைக்கும் வேறொன்றிலோ இருக்கும். அதிகம் பார்ப்பவை:

அலவன்ஸ் (டோக்கனை எடுக்கக் கொடுத்த அனுமதியின் அளவு) போதவில்லை. டோக்கன் வைத்திருப்பவர் அப்ரூவ் செய்யவில்லை, அல்லது தவறான முகவரிக்குச் செய்துவிட்டார். டோக்கனை உண்மையில் எடுக்கப்போவது எந்தக் கான்ட்ராக்டோ அதற்குத்தான் அப்ரூவ் வேண்டும். பயனர் அழைப்பது ரவுட்டராக இருந்து, எடுப்பது உள்ளே இருக்கும் வால்ட்டாக இருந்தால் வால்ட்டுக்கு. மறு டிப்ளாய்க்குப் பிறகு முகவரி மாறியிருக்கும், பழைய அப்ரூவ் உதவாது.

பேலன்ஸ் போதவில்லை, ஆனால் கண்ணெதிரே இருக்கிறது. டெசிமலை, அதாவது அந்த டோக்கனின் தசம இடங்களைப் பாருங்கள். யு.எஸ்.டி.சி-க்கும் யு.எஸ்.டி.டி-க்கும் 6, டாய்க்கு 18. யு.எஸ்.டி.சி ஒன்றை 18 டெசிமலில் மாற்றி அனுப்பினால் ஒரு லட்சம் கோடி யு.எஸ்.டி.சி கேட்கிறீர்கள்.

அழைப்பவர் உரிமையாளர் இல்லை. டிப்ளாய் செய்த கணக்கும் இப்போது வாலட்டில் தேர்வாகியிருக்கும் கணக்கும் ஒன்றா? ஒன்றுதான் என்றால், ப்ராக்ஸியா (அழைப்பை இம்ப்ளிமென்டேஷன் என்ற இன்னொரு கான்ட்ராக்டின் நிரலில் ஓட்டும் முகப்பு) என்று கேளுங்கள். கன்ஸ்ட்ரக்டரில் உரிமையாளரை வைத்தால் அது இம்ப்ளிமென்டேஷனின் ஸ்டோரேஜில்தான் எழுதப்படும். ப்ராக்ஸியின் ஸ்டோரேஜில் அந்த இடம் பூஜ்ய முகவரியாகவே இருக்கும். இனிஷியலைஸர் ஃபங்ஷனை ப்ராக்ஸி வழியாக அழைத்திருக்கவேண்டும்.

நேரம் கடந்துவிட்டது, அல்லது நேரம் வரவில்லை. ஜாவாஸ்கிரிப்ட் நேரத்தை மில்லி நொடியில் தரும், பிளாக்கின் நேரமுத்திரை நொடியில் இருக்கும். ஆயிரத்தால் வகுக்காமல் திறப்பு நேரத்தை வைத்துவிட்டால் அந்தப் பூட்டு நம் காலத்தில் திறக்காது. காலக்கெடுவில் இதே தவறு செய்தால் எதிர்மாறாக, கெடு ஒருபோதும் முடியாது. பிழையே காட்டாததால் அது இன்னும் மோசம்.

### 3ஆ: வாசகம் இல்லை, எண் மட்டும் வருகிறது

பானிக் என்று ஒரு பதினறும எண்ணோடு வந்தால் அது கம்பைலர் வைத்த காவல். 11 என்றால் கணக்கு வரம்பை மீறியது. பெரும்பாலும் சிறிய எண்ணிலிருந்து பெரியதைக் கழித்திருப்பீர்கள். 12 பூஜ்யத்தால் வகுத்தது, 32 அரேயின் எல்லைக்கு வெளியே தொட்டது, 31 காலி அரேயிலிருந்து எடுக்கப் பார்த்தது, 01 அஸர்ட் பொய்த்தது, 21 ஈனமுக்குப் பொருந்தாத மதிப்பு. 0.8-க்கு முந்தைய சாலிடிட்டியில் 11-க்கான காவல் கிடையாது. பழைய நிரலைப் புதிய கம்பைலருக்கு ஏற்றியதும் புதிதாக விழத் தொடங்கினால், பிழை அப்போதும் இருந்தது, இப்போதுதான் வாய் திறக்கிறது.

வேறு ஏதோ எட்டு இலக்கத்தில் தொடங்கும் டேட்டா வந்தால் அது கஸ்டம் எரர். 0.8.4-லிருந்து இருக்கிறது. உங்கள் ஏ.பி.ஐ-யில் (ABI, கான்ட்ராக்டின் ஃபங்ஷன், எரர் விவரப் பட்டியல்) அந்த எரர் இல்லாததால் கருவியால் பெயர் சொல்ல முடியவில்லை. காஸ்ட் கருவியில் 4பைட் கட்டளைக்கு அந்த எட்டு இலக்கத்தைக் கொடுத்தால் பொதுப் பட்டியலில் தேடித் தரும். கிடைக்காவிட்டால் உங்கள் கான்ட்ராக்ட் அழைக்கும் ஒவ்வொன்றின் ஏ.பி.ஐ-யையும் சேர்த்துப் பாருங்கள். எரர் உள்ளே ஆழத்திலிருந்து மேலே வந்திருக்கும், உங்களுடையதாக இருக்கவேண்டும் என்றில்லை.

### 3இ: எதுவுமே வரவில்லை, வெறும் ரிவர்ட்

என்னிடம் வருவதில் அதிகம் நேரம் தின்பது இந்த வகை. ஆனால் காரணம் சொல்லாமல் விழும் இடங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அதனால் சலித்துப் பார்த்துவிடலாம், இந்த வரிசையில்:

முதலில், அந்த முகவரியில் நிரல் இருக்கிறதா? காஸ்ட் கருவியின் கோட் கட்டளையை ஓட்டுங்கள். காலியாக வந்தால் தவறான முகவரி, அல்லது தவறான செயின். சாலிடிட்டி ஒரு கான்ட்ராக்டை இன்டர்ஃபேஸ் வழியாக அழைக்கும்போது அங்கே நிரல் இல்லை என்றால் காரணம் சொல்லாமல் ரிவர்ட் செய்யும். ஒருமுறை இரண்டு மணி நேரம் ஒரு லூப்பை முறைத்துப் பார்த்துவிட்டு, கன்ஃபிக் கோப்பில் பழைய டிப்ளாயின் முகவரி இருப்பதைக் கண்டுபிடித்தேன். அன்றிலிருந்து இதுதான் முதல் சோதனை.

இரண்டாவது, அந்த ஃபங்ஷன் அங்கே இருக்கிறதா? பெயரிலோ அளவுருக்களின் வகையிலோ சின்ன வித்தியாசம் இருந்தாலும் செலக்டர் (ஃபங்ஷனை அடையாளம் காட்டும் நான்கு பைட்) மாறிவிடும். பொருந்தாத அழைப்பை ஏற்கும் ஃபால்பேக் இல்லாத கான்ட்ராக்ட் சத்தமில்லாமல் மறுக்கும். ப்ராக்ஸியை மேம்படுத்த மறந்துவிட்டு, புதிய ஃபங்ஷனை அழைத்தாலும் இதே கதை.

மூன்றாவது, பேயபிள் (ஈதரை ஏற்கும்) குறி இல்லாத ஃபங்ஷனுக்கு ஈதர் சேர்த்து அனுப்புகிறீர்களா? முந்தைய அழைப்பிலிருந்து வெட்டி ஒட்டிய வேல்யூ ஒன்று மிச்சம் இருக்கும்.

நான்காவது, டோக்கன் பழைய வகையா? யு.எஸ்.டி.டி-யின் ட்ரான்ஸ்ஃபர், மெயின்நெட்டில், உண்மை பொய் எதையும் திருப்பித் தராது. உங்கள் இன்டர்ஃபேஸ் அந்த உண்மை-பொய் மதிப்பு வரும் என்று எதிர்பார்த்தால், பணம் நகர்ந்த பிறகும் உங்கள் கான்ட்ராக்ட் விழும். அதே டோக்கனில் அலவன்ஸ் பூஜ்யம் இல்லாதபோது வேறொரு எண்ணுக்கு நேராக அப்ரூவ் செய்ய முடியாது, முதலில் பூஜ்யமாக்கவேண்டும். ஓப்பன்ஸெப்பலின் லைப்ரரியின் சேஃப்.ஈ.ஆர்.சி.20 இரண்டையும் கவனித்துக்கொள்ளும். டெஸ்டில் சொந்த மாதிரி டோக்கனை வைத்து ஓட்டியவர்கள் இதை மெயின்நெட்டில்தான் முதன்முதலாகச் சந்திப்பார்கள்.

ஐந்தாவது, நிரலில் பழைய ட்ரான்ஸ்ஃபர், சென்ட் முறையில் ஈதர் அனுப்புகிறீர்களா? பெறுபவருக்கு 2,300 கேஸ்தான் போகும். பெறுவது மல்ட்டிசிக் (பலர் கையெழுத்து வேண்டும் வாலட்) போன்ற கான்ட்ராக்ட் வாலட் என்றால், 2021-ன் பெர்லின் மேம்படுத்தலுக்குப் பிறகு ஸ்டோரேஜில் முதல்முறை ஓர் இடத்தைப் படிக்கவே 2,100 ஆகிறது. மிச்சத்தில் ஒன்றும் செய்ய முடியாது. லோ லெவல் கால் முறைக்கு மாறுங்கள், ரீஎன்ட்ரன்ஸி (பெறுபவர் வேலை முடியுமுன் திரும்ப உள்ளே அழைப்பது) காவலையும் சேர்த்து.

இவ்வளவும் சரி என்றால் ட்ரேஸ் எடுக்கவேண்டியதுதான். காஸ்ட் கருவியில் ரன் கட்டளைக்கு ஹாஷைக் கொடுத்தால், அதே பிளாக்கில் முன்னால் இருந்தவற்றையும் ஓட்டிவிட்டு, உங்களுடையதை அழைப்பு அழைப்பாகப் பிரித்துக் காட்டும். டெண்டர்லி என்ற இணையச் சேவையிலும் பார்க்கலாம். ட்ரேஸைக் கீழிருந்து மேலாகப் படியுங்கள்: கடைசியாக விழுந்த ஆழமான அழைப்பு எதுவோ அதுதான் குற்றவாளி, மேலே இருப்பவை அதைத் தூக்கி வந்தவை. ஒரு விஷயம், சாதாரண ஃபுல் நோடு சுமார் 128 பிளாக்குகளின் நிலையைத்தான் வைத்திருக்கும். மெயின்நெட்டில் அது 25 நிமிடம். அதைவிடப் பழையதற்கு ஆர்க்கைவ் நோடு வேண்டும்; "ஸ்டேட் கிடைக்கவில்லை" என்று வந்தால் பிழை உங்களுடையது அல்ல.

### 3ஈ: கேஸ் தீர்ந்துவிட்டது

பயன்படுத்தியதும் லிமிட்டும் சமமாக இருந்தால் சந்தேகமே இல்லை. 98-க்கும் 100-க்கும் இடையில் இருந்தாலும் இதுதான். உள்ளே அழைக்கும்போது மிச்சக் கேஸில் 64-ல் ஒரு பங்கு வெளியே பிடித்துவைக்கப்படும், உள்ளே தீர்ந்ததும் அந்தச் சில்லறையோடு வெளியே ரிவர்ட் ஆகும். எக்ஸ்ப்ளோரர் "ரிவர்ட்" என்று போட்டு நம்மைத் திசை திருப்பும்.

எளிய காரணம், மதிப்பீட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் நிலைமை மாறிவிட்டது. பூஜ்யமாக இருந்த ஸ்டோரேஜ் இடத்தில் முதன்முதலில் எழுத 22,100 கேஸ், ஏற்கெனவே மதிப்பு இருக்கும் இடத்தை மாற்ற 5,000. இடையில் வேறு யாரோ அந்த இடத்தை அழித்துவிட்டால் உங்கள் கணக்கு 17,100 உதைக்கும். மதிப்பீட்டின் மேல் 20 சதவீதம் சேர்த்து அனுப்புங்கள். மிஞ்சியது திரும்பிவிடும்.

விலையுயர்ந்த காரணம், வளர்ந்துகொண்டே போகும் அரேயின் மேல் லூப். பத்துப் பயனர்களோடு சோதித்தபோது ஓடியது, பத்தாயிரத்தில் ஓடாது. லிமிட்டைக் கூட்டுவது நாளைத் தள்ளிப்போடும், அவ்வளவே. 2016-ல் கவர்ன்மென்டல் என்ற விளையாட்டுக் கான்ட்ராக்டில் 1,100 ஈதர் பரிசு சிக்கியது இப்படித்தான்: பட்டியலை அழிக்க 50 லட்சத்துக்கு மேல் கேஸ் தேவைப்பட்டது, அன்றைய பிளாக் வரம்போ 47 லட்சம் சொச்சம். ஒவ்வொருவரும் தன் பங்கைத் தானே எடுத்துக்கொள்ளும்படி மாற்றி எழுதுங்கள், அல்லது இந்த இடத்திலிருந்து இந்த இடம்வரை என்று பகுதி பகுதியாக ஓட்டும் ஃபங்ஷனை வையுங்கள்.

## அறிகுறி 4: ஸ்டேட்டஸ் 1, ஆனால் ஒன்றும் நடக்கவில்லை

பச்சைக் குறியைப் பார்த்தும் நம்ப முடியாத நிலை. எனக்குப் பிடிக்காத அறிகுறி, ஏனென்றால் பிழைச் செய்தியே இல்லை.

பிளாக்கில் ஏறுவதற்கு முன்னாலேயே படித்துவிட்டீர்களா? அனுப்பும் வரிக்கு அடுத்த வரியிலேயே பேலன்ஸைக் கேட்டால் பழைய எண்தான் வரும். ரசீதுக்குக் காத்திருந்து படியுங்கள். வெப்3.ஜேஎஸ் லைப்ரரியைப் பயன்படுத்தினால் சென்டுக்குப் பதில் கால் போட்டிருக்கிறீர்களா என்றும் பாருங்கள். அது பாவனைதான், திருப்பி வரும் மதிப்பு சரியாக இருக்கும், செயினில் எதுவும் மாறாது, ஹாஷும் இருக்காது.

அடுத்து, வாலட் ஒரு செயினிலும் உங்கள் இணையப் பக்கம் படிக்கும் ஆர்.பி.சி (நோடின் இணைப்பு முகவரி) இன்னொரு செயினிலும் இருக்கிறதா? நேரடியாக எக்ஸ்ப்ளோரரிலேயே அந்த மதிப்பைப் படித்து ஒப்பிடுங்கள்.

டெசிமல் தவறு இங்கேயும் வரும், தலைகீழாக. 18 டெசிமல் டோக்கனை 6-ல் மாற்றினால் கண்ணுக்குத் தெரியாத துளி நகர்ந்திருக்கும்.

நிரல் இல்லாத முகவரிக்கு டேட்டாவோடு அனுப்பினால் ட்ரான்ஸாக்‌ஷன் அழகாக வெற்றி பெறும். உங்கள் நிரலில் லோ லெவல் காலும் அப்படித்தான், காலி முகவரியை அழைத்தால் "உண்மை" என்று திருப்பும். அந்த மதிப்பைச் சோதிக்காமல் விட்டிருந்தால் இன்னும் மோசம், உள்ளே தோற்றாலும் வெளியே தெரியாது. இன்டர்னல் ட்ரான்ஸாக்‌ஷன்களின் பட்டியலில் சிவப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

கடைசியாக ஒரு நுணுக்கம். ட்ரை, கேட்ச் வைத்திருக்கும் கான்ட்ராக்டில் கேஸ் மதிப்பீடு ஏமாற்றும். வெளி அழைப்பு வெற்றி பெறத் தேவையான குறைந்தபட்ச எண்ணைத்தான் நோடு தேடுகிறது. உள்ளே கேஸ் தீர்ந்து, கேட்ச் அதை விழுங்கிவிட்டாலும் அதன் கணக்கில் அது வெற்றி. இந்த வகைக்கு மட்டும் லிமிட்டைக் கையால் கூட்டிப் பார்ப்பது நியாயமான சோதனை. கூட்டியதும் வேலை நடந்தால் காரணம் இதுதான்.

## அறிகுறி 5: டிப்ளாயே ஆகவில்லை

அளவு: டிப்ளாய் ஆகும் பைட்கோடு 24,576 பைட்டைத் தாண்டக்கூடாது. ஃபவுண்ட்ரியின் ஃபோர்ஜ் பில்டில் சைஸஸ் என்ற விருப்பத்தைச் சேர்த்தால் ஒவ்வொன்றின் அளவும் வரும். ஆப்டிமைஸர் இயங்குகிறதா என்று பாருங்கள், ரன்ஸ் எண்ணைக் குறையுங்கள், நீண்ட பிழை வாசகங்களைக் கஸ்டம் எரராக்குங்கள். இவ்வளவும் போதவில்லை என்றால் கான்ட்ராக்டைப் பிரிக்கவேண்டும். லோக்கலில் வரம்பைத் தளர்த்தும் அமைப்பு ஹார்ட்ஹாட்டில் உண்டு. அதைப் போட்டுவிட்டு மறந்தவர்கள்தான் டெஸ்ட்நெட்டில் ஆச்சரியப்படுவார்கள்.

"இன்வேலிட் ஆப்கோட்": கம்பைலர் புதிது, செயின் பழையது. சாலிடிட்டி 0.8.20 முதல் ஷாங்காய் மேம்படுத்தல் இலக்காகி புஷ்0 கட்டளையைப் போடும், 0.8.25 முதல் கான்கூன். அந்தச் செயின் இன்னும் அங்கே வரவில்லை என்றால் ஈ.வி.எம் பதிப்பைப் பாரிஸ் என்று வைத்து மறுபடி கம்பைல் செய்யுங்கள்.

கிரியேட்2 (முகவரியை முன்கூட்டியே கணக்கிடக்கூடிய டிப்ளாய் முறை) என்றால், அதே சால்ட், அதே பைட்கோடு, அதே அனுப்புநர் சேர்ந்து ஏற்கெனவே அந்த முகவரியில் ஒன்று டிப்ளாய் ஆகியிருக்கும்.

மற்றபடி கன்ஸ்ட்ரக்டரே ரிவர்ட் செய்கிறது. 3-ஐப் பாருங்கள்.

## அறிகுறி 6: லோக்கலில் ஓடுகிறது, வெளியே விழுகிறது

யூகிப்பதை நிறுத்திவிட்டு ஃபோர்க் எடுங்கள். ஆன்விலுக்கு ஃபோர்க் முகவரியையும் விழுந்த பிளாக்குக்கு முந்தைய பிளாக் எண்ணையும் கொடுத்தால், அந்த நேரத்துச் செயின் உங்கள் கணினியில் கிடைக்கும். அதே அனுப்புநராக நடித்து அதே அழைப்பை ஓட்டுங்கள்.

ஃபோர்க்கிலும் விழுகிறதா? நல்லது, இனி வேண்டிய மட்டும் வரிகளை மாற்றி இலவசமாகச் சோதிக்கலாம். ஃபோர்க்கில் ஓடி, செயினில் விழுந்ததா? அதே பிளாக்கில் உங்களுக்கு முன்னால் ஏறிய யாரோ நிலையை மாற்றியிருக்கிறார்கள். விலை நகர்ந்து ஸ்லிப்பேஜ் (நீங்கள் ஏற்கும் விலை வித்தியாசம்) வரம்பு தாண்டியிருக்கும், அல்லது கடைசி இருப்பை அவர்கள் எடுத்திருப்பார்கள். அந்த பிளாக்கில் உங்களுக்கு மேலே இருப்பவற்றைப் பாருங்கள், அதே கான்ட்ராக்டைத் தொட்டது தெரியும்.

## எப்போது கையை எடுத்துவிட்டு ஆள் கூப்பிடுவது

டெஸ்ட்நெட் என்றால் ஒருபோதும் அவசரமில்லை. மெயின்நெட்டில் மற்றவர்களின் பணம் இருந்தால் கணக்கு வேறு.

நீங்கள் அனுப்பாமலேயே நான்ஸ் ஏறுகிறது, அல்லது கேஸுக்காக அனுப்பிய ஈதர் வந்த நொடியே மறைகிறது: சாவி போய்விட்டது. இன்னும் ஈதர் அனுப்பாதீர்கள், அதற்காகவே ஒரு பாட் காத்திருக்கிறது. கேஸ் அனுப்புவதையும் மீட்பையும் ஒரே கட்டாக, பொது மெம்பூலுக்கு (பிளாக்கில் ஏறக் காத்திருப்பவை எல்லோருக்கும் தெரியும் இடம்) வராமல் பிளாக்கில் ஏற்றத் தெரிந்தவர்கள் வேண்டும். செக்யூரிட்டி அலையன்ஸ் நடத்தும் சீல் 911 என்ற அவசர டெலிகிராம் பாட் இதற்காகவே இருக்கிறது.

பணத்தை எடுக்கும் ஃபங்ஷன் எல்லோருக்கும் விழுகிறது: நிறுத்துங்கள். 2022 ஏப்ரலில் அகுட்டார்ஸ் என்ற டிஜிட்டல் படத் தொகுப்பின் ஏலத்தில் 11,539 ஈதர் நிரந்தரமாகச் சிக்கியது, எடுப்பதற்கான நிபந்தனை ஒருபோதும் நிறைவேற முடியாதபடி எழுதப்பட்டிருந்ததால். கோப்பில் அது ஒரு சாதாரண ரிக்வயர் வரி. இத்தகைய இடத்தில் "முயன்று பார்ப்போம்" என்று அனுப்பும் ட்ரான்ஸாக்‌ஷன் மிச்சமிருக்கும் வழியையும் அடைத்துவிடலாம்.

ப்ராக்ஸியை மேம்படுத்திய பிறகு மதிப்புகள் இடம் மாறித் தெரிகின்றன: ஸ்டோரேஜ் அடுக்கு கலைந்துவிட்டது. சரிசெய்கிறேன் என்று இன்னொரு மேம்படுத்தல் வேண்டாம். பாஸ் (pause, தற்காலிகமாக நிறுத்தும்) வசதி இருந்தால் போட்டுவிட்டு ஆடிட்டரைக் கூப்பிடுங்கள்.

ட்ரேஸ் வேறொருவரின் கான்ட்ராக்டுக்குள் போய் விழுகிறது, அங்கே பாஸ் போட்டிருக்கிறது அல்லது உங்கள் முகவரி தடைப்பட்டியலில் இருக்கிறது: யு.எஸ்.டி.சி, யு.எஸ்.டி.டி இரண்டிலும் அப்படிப் பட்டியல் உண்டு. உங்கள் பக்கம் மாற்ற எதுவும் இல்லை, அந்தக் குழுவிடம்தான் பேசவேண்டும்.

கூப்பிடும்போது செயின் ஐடி, விழுந்த ஹாஷ், கான்ட்ராக்ட் முகவரி, டிப்ளாய் செய்த கமிட், கம்பைலர் பதிப்பு, ஆப்டிமைஸர் அமைப்பு, இதுவரை முயன்றவற்றின் ஹாஷ்கள், இவற்றை ஒரே செய்தியில் கொடுங்கள். தனிச்சாவியும் சீட் ஃப்ரேஸும் இந்தப் பட்டியலில் கிடையாது. உதவுகிறேன் என்று தானாக உள்பெட்டிக்கு வந்து அவற்றைக் கேட்பவரை அங்கேயே தடுத்துவிடுங்கள்.